முதல் மழைப் புல்லை நம்பாதே!

விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறவர்கள் எங்கள் குடும்பத்தில் இரண்டே பேர். ஒருவர், கெடாவில் மாடு வைத்திருக்கும் என் தாய்மாமா. இன்னொருவர், கோலாலம்பூரில் வானொலிக் காலை நிகழ்ச்சி படைக்கும் நான். நான் காரில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் மாமாவின் அழைப்பு வரும். "பாப்பா, எழுந்துட்டியா? நான் புல்லு வெட்டப் போறேன்" என்பார். தினமும் இதே வசனம்தான். வானொலியில் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிற எனக்கு, இந்த ஒரு வரியைக் கேட்காவிட்டால் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

அந்தப் புல்லைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். நம் ஊர்ச் சாலையோரங்களில் கரும்பு போல நெடுநெடுவென்று நிற்குமே, மலாய்க்காரர்கள் 'ரும்புட் காஜா' என்பார்களே, அதே யானைப்புல். நேப்பியர் புல் என்றும் சொல்வார்கள். சென்ற 2024-ஆம் ஆண்டு வறட்சியின்போது இந்தப் புல்லால் மாமாவின் மாடுகள் பிழைத்தன. அதே புல்லை நான் தவறாக அறுத்துப் போட்டதால், ஒரு கிடாரி சாவின் வாசல்வரை போய் வந்தது. இரண்டையும் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

ஆறு மாடு, ஒன்றரை ஏக்கர்

எங்கள் தாத்தா சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். லயத்து வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டாய் இருந்தது. அந்தக் காலத்தில் மாட்டுக்குத் தீவனம் என்று யாரும் தனியாகக் கவலைப்பட்டதில்லை. காலையில் அவிழ்த்துவிட்டால் மரங்களுக்கு இடையே மேய்ந்துவிட்டு, மாலையில் தானே வந்துவிடும். தோட்டத்து மாட்டுப்பாலைச் சைக்கிளில் கொண்டுபோய் ஊற்றித்தான் அம்மாவையும் மாமாவையும் படிக்க வைத்தார்கள். உங்களில் பல பேர் வீட்டிலும் இதே கதை இருக்கும்.

பிறகு தோட்டம் விற்கப்பட்டது. இன்று அங்கே தாமான் வீடுகள். மாமா மட்டும் மாட்டை விடவில்லை. செம்பனைக்கு ஓரமாக ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மேய்க்க இடமில்லை. ஆகவே மாட்டைக் கட்டிப்போட்டு, புல்லை அதன் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோ பச்சைப்புல் தேவை. ஆறு மாட்டுக்கு 240 கிலோ. இவ்வளவு சின்ன நிலத்திலிருந்து இவ்வளவு புல்லைத் தரக்கூடிய பயிர்கள் உலகத்தில் அதிகமில்லை. அந்தச் சிலவற்றில் ஒன்று யானைப்புல்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கம்பின் உறவுக்காரன்

இந்தப் புல்லின் பிறந்த வீடு ஆப்பிரிக்காவின் வெப்ப மண்டலம். ஆற்றோரங்களிலும் செழிப்பான மண்ணிலும் நான்கு மீட்டர் உயரம்வரை புதராக வளரும். இன்றைய ஜிம்பாப்வேயில் உள்ள புலவாயோ நகரத்தில் இருந்த கர்னல் நேப்பியர் என்பவர், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், இதைக் கால்நடைத் தீவனமாகப் பயிரிட்டுப் பார்க்கும்படி அங்குள்ள விவசாயத் துறையைத் தூண்டினார். அவர் பெயரே புல்லுக்கும் நின்றுவிட்டது.

நம் பாட்டிமார் கூழ் காய்ச்சிய கம்பும் ஆப்பிரிக்காவில் தோன்றிய தானியம்தான். யானைப்புல்லும் கம்பும் நெருங்கிய சொந்தம். இரண்டையும் கலப்பினம் செய்துதான் கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ-4 போன்ற தீவனப்புல் இரகங்களை உருவாக்கியது. தாய்லாந்தின் 'பாக்சோங்' இரகமும் இப்படிப்பட்ட கலப்பினம்தான். மலேசியாவில் மாடு வளர்ப்பவர்களிடையே இப்போது அதற்குத்தான் மவுசு. இந்தக் கலப்பினப் புல் முளைக்கக்கூடிய விதையைத் தராது. கம்புக்கு 14 குரோமோசோம், யானைப்புல்லுக்கு 28. இரண்டும் சேர்ந்தால் 21. ஒற்றைப்படையாகிவிடுவதால் ஜோடி சேர முடியாமல் மலடாகிறது. அதனால்தான் இதைக் கரும்பு போலக் கரணை வைத்து வளர்க்கிறோம்.

கென்யாவில் இந்தப் புல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மக்காச்சோளக் கொல்லையைச் சுற்றி வேலி போல நேப்பியரை நடுகிறார்கள். தண்டுத் துளைப்பான் பூச்சி சோளத்தை விட்டுவிட்டு நேப்பியரில் முட்டையிடப் போகிறது. பொரிந்து வரும் புழு தண்டைத் துளைத்ததும், புல் ஒட்டும் சாறு ஒன்றைக் கசியவிடும். பெரும்பாலான புழுக்கள் அதில் சிக்கிச் செத்துவிடுகின்றன. சோளத்துக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைச் செடியை விதைக்கிறார்கள். அது பூச்சியை விரட்டுவதோடு, சோளத்தின் வேரை உறிஞ்சும் சுடுமல்லிக் களையையும் அடக்குகிறது. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட 'இசிப்பே' பூச்சி ஆய்வு மையத்தினர் 1990-களில் உருவாக்கிய முறை இது. வேலியும் தீவனம், நடுவில் உள்ளதும் தீவனம்.

மாமாவின் கட்டளைகள்

மாமா ஆறாம் வகுப்புவரை படித்தவர். புல் வளர்ப்பில் அவருக்குச் சில கட்டளைகள் உண்டு. காரணம் சொல்லமாட்டார். "எங்கப்பா சொன்னாரு, நான் செய்யுறேன்" என்பார். காரணங்களை நான் பிற்பாடு தேடிப் படித்தேன். பிற்பாடு படித்ததுதான் என் தவறு. அதற்கு வருகிறேன்.

"மூணு கணு, சாய்ச்சு நடு." ஏறக்குறைய மூன்று மாதம் முற்றிய தட்டையிலிருந்து மூன்று கணு உள்ள கரணையாக வெட்ட வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்று மேலே. மண்ணுக்குள் இருக்கும் கணுவில் வேரும், மேலே உள்ள கணுவில் தளிரும் வரும். சாய்த்து நட்டால் கணுக்கள் மேல்மண்ணிலேயே இருக்கும். வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர், கரணைக்குக் கரணை அரை மீட்டர் விடுகிறார் மாமா. பாராங் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்க இடம் வேண்டும் அல்லவா?

"தண்ணி நிக்கிற இடம் வேணாம்." ஆழமாக வேர்விடும் புல் என்பதால் வறட்சியைத் தாங்கும். தேங்கிய தண்ணீரைத் தாங்காது. வேர் அழுகிவிடும். தாழ்வான இடமாக இருந்தால் மண்ணை அணைத்து மேட்டுப்பாத்தி போட வேண்டும்.

"தலைக்கு மேல போக விடாத." நட்ட பிறகு முதல் அறுப்பு 75 நாளுக்கு மேல். அதன்பிறகு 45 நாளிலிருந்து 50 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். இந்த வயதில்தான் இலையும் சத்தும் சரியான அளவில் இருக்கும். வளர வளர எடை கூடுவது உண்மைதான். ஆனால் புரதம் குறைந்து, தட்டை மரம் போல ஆகிவிடும். நிறையப் புல் இருப்பதாகத் தோன்றும். பால் மட்டும் ஏறாது.

"ஒட்ட வெட்டாத." தரையிலிருந்து ஒரு சாண் அளவு விட்டு அறுக்க வேண்டும். அடுத்த தளிர் வருவதற்கான சேமிப்பு அந்த அடித்தட்டையிலும் வேரிலும்தான் இருக்கிறது. மொட்டையாக வழித்துவிட்டால் தூர் இளைத்துப்போகும். ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் சாணம் வேண்டும். இவ்வளவு புல்லைத் தருகிற மண்ணுக்கு, எடுத்ததைத் திருப்பித் தராவிட்டால் இரண்டே ஆண்டில் களைத்துவிடும்.

அறுத்த புல்லை இயந்திரத்தில் போட்டு விரல் கணு அளவு நறுக்கித்தான் மாட்டுக்குப் போடுவார். முழுசாகப் போட்டால் இலையைத் தின்றுவிட்டுத் தட்டையைத் தள்ளிவிடும். முழுக்கைச் சட்டை போடாமல் அறுக்கப் போனால், இலையின் ஓரம் கையைக் கீறிவிடும் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

வறட்சி வந்தபோது

வடக்கே இருப்பவர்களுக்குத் தெரியும், பொங்கல் கழிந்தால் வெயில் தொடங்கிவிடும். 2016 மார்ச்சில் அனல் தாங்காமல் பெர்லிஸிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளையே மூடினார்கள். 2024-இலும் எல் நினோ. மாட்டுப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது பச்சையாக இருந்த கொல்லை, பிப்ரவரி கடைசியில் சாம்பல் பூத்துக் கிடந்தது.

வறட்சியைத் தாங்கும் புல் என்றால் வறட்சியிலும் வளரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. இலையைச் சுருட்டிக்கொண்டு, வளர்ச்சியை நிறுத்திவிட்டு, தூரை மட்டும் உயிரோடு வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். மழை வந்ததும் ஓராண்டுப் புற்கள் விதையிலிருந்து தொடங்க வேண்டும். இது தூரிலிருந்து தொடங்கும். அதுதான் அதன் பலம்.

அப்படியானால் மாடு என்ன சாப்பிட்டது? டிசம்பரில் மழை நிறைய இருந்தபோது, மாமா மிச்சப் புல்லை நறுக்கி, அரைநாள் வாடவைத்து, கொஞ்சம் வெல்லப்பாகுக் கழிவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களில் காற்றுப் புகாமல் மிதித்து அடைத்து வைத்திருந்தார். மூன்று நான்கு வாரத்தில் அது புளித்து ஊறுகாய்ப்புல் ஆகிவிடும். மூடியைத் திறந்தால் புளித்த பழவாடை வர வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தாலோ அழுகிய நாற்றம் வந்தாலோ மாட்டுக்குப் போடக்கூடாது. வறண்ட வாரங்களை மாமா ஓட்டியது இந்தப் பீப்பாய்களையும், நெல் வயல்களிலிருந்து வாங்கிய வைக்கோலையும், செம்பனைப் புண்ணாக்கையும் வைத்துத்தான்.

நான் செய்த தவறு

மார்ச் மாதக் கடைசியில் மாமாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாமி ஆஸ்பத்திரியில் துணைக்கு. நான் பத்து நாள் விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். கறவைக்குப் பக்கத்துக் கம்பத்து அண்ணன் ஒருவர் வருவார். தீவனமும் கொட்டாயும் என் பொறுப்பு.

போகும்போது மாமா சொன்னார்: "மழை பெஞ்சா சந்தோஷப்படு. புல்லத் தொடாத. நான் வந்து பாத்துக்கறேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் இரவு நல்ல மழை. காலையில் எழுந்து பார்த்தால் கொல்லை முழுக்க மண்வாசனை. மாமா வரும்போது அசந்துபோக வேண்டும் என்ற ஆசையில், ஸ்டோரில் இருந்த யூரியாவை எடுத்து அரை மூட்டை தூவினேன். மறுநாளும் மழை. ஐந்தே நாளில், சுருண்டு கிடந்த தூர்களெல்லாம் முழங்கால் உயரத்தில் கரும்பச்சையாக நின்றன. பல வாரமாக வைக்கோல் தின்கிற மாடுகள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கத்தின. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று காலை வைக்கோல் போடாமல், வெறும் வயிற்றில், ஆசை தீரத் தின்னட்டும் என்று அந்த இளம்புல்லை அறுத்துப் போட்டேன். கைப்பேசியில் படம்கூட எடுத்தேன்.

மூன்று மணி நேரம் இருக்கும். செவலைக் கிடாரி தள்ளாடியது. வாயில் நுரை, வேக வேகமாக மூச்சு. சிறிது நேரத்தில் கால் மடிந்து விழுந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தது. கால்நடை மருத்துவரை அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மழைக்குப் பிறகு புல் அறுத்தீர்களா?" என்பதுதான். வந்தவுடன் ஊசியில் கொஞ்சம் இரத்தம் எடுத்துக் காட்டினார். சிவப்பாக இல்லை, சாக்லேட் நிறம். நரம்பில் நீல மருந்து ஒன்றை மெதுவாக ஏற்றினார். மற்ற மாடுகளின் முன்னால் கிடந்த புல்லை வாரியெடுத்து வெளியே கொட்டினோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கிடாரி தலையைத் தூக்கியது. நான் கொட்டாய்த் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதோடு முடியவில்லை. ஐந்து மாதச் சினையாக இருந்த வெள்ளச்சிக்கு, ஒன்பதாம் நாள் கரு கலைந்தது. அதுவும் இதன் விளைவாக இருக்கலாம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார்.

என்ன நடந்தது?

புல் மண்ணிலிருந்து தழைச்சத்தை நைட்ரேட்டாக உறிஞ்சி, பிறகு அதைப் புரதமாக மாற்றுகிறது. வறட்சியில் வளர்ச்சி நின்றுவிடுவதால் மாற்றும் வேலை தேங்கிவிடும். மண்ணிலும் நைட்ரேட் சேர்ந்து கிடக்கும். முதல் மழை வந்ததும் வேர் அத்தனையையும் அவசரமாக உறிஞ்சுகிறது. புரதமாக மாற்ற இலைகளுக்கு அவகாசம் போதாது. அடித்தட்டையில் நைட்ரேட் குவிந்துவிடுகிறது. நான் போட்ட யூரியா, எரிகிற நெருப்பில் ஊற்றிய எண்ணெய்.

மாட்டின் முதல் வயிற்றில் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறும். அளவோடு இருந்தால் அங்குள்ள நுண்ணுயிர்கள் சமாளித்துவிடும். அளவு மீறினால் அது இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி இரத்தத்தை மாற்றிவிடுகிறது. மாடு காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். உடம்புக்குப் போய்ச் சேராது. பசியோடு இருக்கும் மாட்டுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வயிற்றிலிருக்கும் குட்டியையும் இது விடாது.

ஆடோ மாடோ வளர்க்கிறவர்கள், சொந்த ஊரில் அப்பா அம்மா வளர்க்கிறவர்கள், இதைக் கத்தரித்துக் கொட்டாயில் ஒட்டிவைத்தாலும் சரி:

• நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்தால், குறைந்தது ஒரு வாரம், பத்து நாள் புல்லைத் தொடாதீர்கள். புதுத்தளிர் உரிய வயதுக்கு வரும்வரை காத்திருப்பது இன்னும் நல்லது.

• வறட்சியின்போதும், அது முடிந்த உடனேயும் யூரியா, கோழி எரு, கொட்டாய்க் கழிவுநீர் எதையும் அதிகமாகப் போடாதீர்கள்.

• அறுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் வழக்கத்தைவிட உயரமாக அறுங்கள். நஞ்சு அதிகம் இருப்பது அடித்தட்டையில்.

• முதலில் வைக்கோலைப் போட்டு வயிற்றை நிரப்புங்கள். பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

• வெயிலில் காயவைத்தால் நைட்ரேட் போய்விடாது. ஊறுகாய்ப்புல்லாக்கினால் ஓரளவு குறையும்.

• தள்ளாட்டம், மூச்சிரைப்பு, ஈறில் நிறமாற்றம் ஆகியவற்றைக் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெட்டி எறிந்த கரணை ஈரம் பட்டால் வேர்விட்டுவிடும். ஆற்றோரத்திலும் வாய்க்காலிலும் எறியாதீர்கள். ஒருமுறை பிடித்துக்கொண்டால் மற்றச் செடிகளை வாழவிடாது.

மாமா சொன்னது

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த மாமாவிடம், எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியோடு வந்தவர், கொட்டாய்க்குப் போய் ஒவ்வொரு மாட்டையும் தடவிப் பார்த்தார். வெள்ளச்சியிடம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து தே ஓ கேட்டார்.

"திட்டுங்க மாமா" என்றேன்.

"உன்னத் திட்டி என்னம்மா ஆவப்போவுது? 1980-லயோ என்னமோ எங்கப்பாவுக்கு ஒரே நாள்ல ரெண்டு மாடு போச்சு. மழ வந்த வாரம். அப்பலேர்ந்து தொடாதன்னு சொல்லுவாரு. நானும் தொடல. ஏன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும். எனக்கே தெரியாது, என்னத்தச் சொல்ல?"

அன்று இரவு, மருத்துவர் சொன்னதையும் நான் படித்ததையும் மாமாவுக்கு விளக்கினேன். நைட்ரேட், நைட்ரைட் என்று இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாற்பது வருடமாகக் கடைப்பிடித்த கட்டளைக்கு அன்றுதான் அவருக்குக் காரணம் கிடைத்தது. மறுநாள் காலை, கொல்லையின் எந்தப் பக்கம் எந்தத் தேதியில் அறுத்தது என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வரச் சொன்னார். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரே வரி: 'மழை பெய்த தேதி.'

வெள்ளச்சி மறுபடி சினைப்பட்டு, இந்த ஆண்டு பெண் கன்று ஈன்றது. செவலையும் இப்போது பால் கறக்கிறது. குத்தகை இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நிலத்திலும் வீடு வருமா என்று தெரியாது. மாமா அதைப் பற்றிப் பேசுவதில்லை. பீப்பாய்களை மட்டும் எட்டிலிருந்து பதினான்காக்கியிருக்கிறார்.

போன வாரமும் நான்கரை மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"பாப்பா, எழுந்துட்டியா? இங்க நல்ல மழ."

"எத்தன நாளாச்சு மாமா?"

"மூணு நாளுதான். நோட்டுல எழுதிட்டேன். வைக்கோல்தான் போடப் போறேன்."